தவில் வராத தொட்டில்

நெட்டூரணி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறந்துவிட்டதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் பெற்றெடுத்த தாய்க்கு இல்லை. பிரசவம் பார்த்த டாக்டருக்கும் இல்லை. தொட்டிலுக்குத்தான் இருந்தது.

அந்தத் தொட்டிலுக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் பூந்தொட்டில். குழந்தையை அதில் கிடத்தினால், அது ஒன்றுக்குப் போனதும் தொட்டில் நாதஸ்வரம் வாசிக்கும். பன்னிரண்டு இலக்கப் பிறப்பு எண்ணில் ஆறு இலக்கம் விழும். ரெண்டுக்குப் போனதும் தவில் சேர்ந்துகொள்ளும், மிச்சம் ஆறும் விழும். வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் தவில் சத்தம் கேட்டபிறகே மிட்டாய்ப் பெட்டியைப் பிரிப்பார்கள். அதுவரைக்கும் உள்ளே வீல் வீலென்று கத்திக்கொண்டிருப்பது சட்டப்படி யாருமில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தக்க காரணத்தோடு வந்த சட்டம் அது. முன்பு பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இருநூற்றுப் பதினாலு பிள்ளைகள். போட்டோ உண்டு, குரல் உண்டு, காய்ச்சல் வந்தால் அவர்களே எழுதும் லீவு லெட்டர் உண்டு. பிள்ளைகள்தான் இல்லை, அத்தனையும் கம்ப்யூட்டர் பெற்றது. மாவட்ட அளவில் தொடர் ஓட்டத்தில் அந்தப் பள்ளி இரண்டாம் பரிசு வாங்கியபோதுதான் சந்தேகம் வந்து விசாரித்தார்கள். முதல் பரிசு வாங்கிய பள்ளியும் அதே ரகம் என்பது பிறகு தெரிந்தது.

எது நிஜ மனிதன் என்று கண்டுபிடிக்கப் பதினோரு பேர் குழு போட்டார்கள். முகத்தைச் செய்துவிடலாம், கைரேகையைச் செய்துவிடலாம், அழுகையை அம்மாவே ஏமாறும்படி செய்துவிடலாம். எட்டு மாதம் முந்திரிப்பருப்பு தின்று யோசித்தும் குழுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் குடிநீர் வாரியத்தில் ரிட்டயரான ஒரு எஞ்சினியர் மூலையிலிருந்து எழுந்தார். "கம்ப்யூட்டரால எல்லாம் முடியும்யா. கொல்லைக்குப் போவ மட்டும் முடியாது" என்றார். அடுத்த மழைக்கால கூட்டத்தொடரில் அது சட்டமாகிவிட்டது.

ஜோசியர்கள் முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு சமாதானமாகி, தவில் ஒலித்த நிமிஷத்தைப் பிறந்த நேரமாக வைத்து ஜாதகம் கணித்தார்கள். சர்டிபிகேட்டில் அதுதானே இருக்கிறது! அன்றிலிருந்து பிரசவ வார்டு வாசலில் பஞ்சாங்கம் இல்லாத கையே கிடையாது. ராகுகாலம் முடிகிறவரை குழந்தையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நர்சுகளிடம் கெஞ்சுவார்கள்.

செண்பகவடிவு அந்த வார்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நர்சு. தொட்டில் வந்தபிறகு அவளுக்கு மிஞ்சிய வேலை, தொட்டிலின் தூசியைத் துடைப்பது, நாதஸ்வரச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. தவில் ஒலிக்குமுன் குழந்தையின் துணியை விலக்கக்கூடாது என்பது விதி. விலக்கினால் தொட்டிலின் கணக்கு கலைந்துவிடுமாம். இரண்டுமுறை விலக்கிப் பார்த்ததற்காக அவளிடம் இரண்டு மெமோ இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு இசக்கிப்பிரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதாவது, வெளியே வந்தது. தகப்பன் கப்பல் வேலைக்காரன், எந்தக் கடலில் இருக்கிறான் என்பது கப்பலுக்கே தெரியாது. கூட நின்றது அவளுடைய அண்ணன் கொம்பையா மட்டும். கையில் பஞ்சாங்கம், நெற்றியில் வேர்வை.

காலை பத்து மணிக்கும் தொட்டில் வாயைத் திறக்கவில்லை. செண்பகவடிவு வெளியே வந்து, "நாலு மணி நேரம் ஆவுது. ஒண்ணுக்கும் போவல, ரெண்டுக்கும் போவல" என்றாள்.

கொம்பையாவின் முகம் மலர்ந்தது. "எம் மருமவன் வெவரமானவன் சிஸ்டரு. இன்னைக்கு ரோகிணியில்லா? நாளைக் காலைல ஏழு இருவதுக்குத்தான் மிருகசீரிடம் பொறக்கு. மாமன் மேல பாசம் பாருங்க, அடக்கிட்டுக் கெடக்கான்."

"ரோகிணின்னா ஒமக்கு என்ன?"

"என்ன இப்படிக் கேட்டுட்டிய! ரோகிணில ஆம்பளப்புள்ள பொறந்தா தாய்மாமனுக்கு ஆவாதுல்லா? எங்க ஊருல ஒருத்தன், மருமவன் ரோகிணில பொறந்த மூணாம் நாளு மாடில இருந்து விழுந்தான்."

"செத்துட்டானா?"

"இல்ல. கீழ நின்ன மாடு செத்துட்டு. அவன் இப்பவும் பயந்துக்கிட்டேதான் இருக்கான்."

செண்பகவடிவு உள்ளே போனாள். தொட்டில் "காத்திருக்கவும்" என்று பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தரைக்கும் அதே. பதினோரு மணிக்குக் குழந்தை பச்சையாக ஒருமுறை கக்கியது. தொட்டில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மேல்வழி வருவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது மெமோவுக்குத் தயாராகி அவள் துணியை விலக்கினாள்.

வயிறு தட்டினால் ஒலிக்கும்போல் உப்பியிருந்தது. தொப்புளுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று கல்லாக நின்றது. நிறைந்து தளும்பும் மூத்திரப்பை. குழந்தையைத் திருப்பினாள். பின்புறத்தில் ஆசனவாய் இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் குழி மட்டும் இருந்தது. குயவன் கட்டைவிரலால் அழுத்தி அடையாளம் வைத்துவிட்டுத் துளையிட மறந்த மாதிரி. நாலாயிரம் விஷயத்தை அளக்கிற தொட்டில் ஐந்து மணி நேரமாக, இல்லாத வாசலில் வராத விருந்தாளிக்காகக் காத்திருந்தது.

குழந்தைகள் சர்ஜன் டாக்டர் ஜெபசிங் வந்து பார்த்தார். தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்ட தலைமுறையின் கடைசி ஆள். பார்த்துவிட்டு இசக்கிப்பிரியாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ரெண்டு கோளாறும்மா. முன்னால தண்ணி போற குழாய்க்குள்ள ஒரு தோல் மடிப்பு இருக்கு, கதவு மாதிரி. உள்ள இருந்து தண்ணி தள்ளுனா அது சாத்திக்கிடும். தண்ணி திரும்பிப் போயி கிட்னிய நசுக்கும். பின்னால குடல் வாசல் வரைக்கும் வரவே இல்ல. பாதி வழில முட்டுச்சந்து."

அவள் சத்தம் வராமல் அழுதாள். "கெரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டேன் சார். அதுதானா?"

"கெரகணத்துக்கு வேற வேலை இல்லையா? ஐயாயிரம் புள்ளைல ஒண்ணுக்கு இப்படி அமைஞ்சிரும். ஒன் தப்பு எள்ளளவும் கெடையாது. முன்னால இப்பவே டியூப் விடுதேன், அந்த மடிப்ப அப்புறம் எடுத்துரலாம். பின்னாலதான் சாயந்தரத்துக்குள்ள முடிக்கணும். வயித்துல ஒரு வழி தெறந்து குடல அங்க வெளிய வைக்கணும். ஆறு மாசத்துல ஒழுங்கான எடத்துல வாசல் வச்சிட்டு வயித்தை மூடிரலாம். ராத்திரி தாண்டுச்சுன்னா குடல் தாங்காது."

மெல்லிய குழாய் உள்ளே போனதும், சாத்தியிருந்த கதவு விலகி மஞ்சள் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. செண்பகவடிவு அதில் கொஞ்சம் பிடித்துத் தொட்டிலில் ஊற்றினாள். நாதஸ்வரம் ஓவென்று கிளம்பியது.

கொம்பையா வார்டுக்குள் பாய்ந்து வந்தார். "நிப்பாட்டுங்க! ரோகிணி! ரோகிணி!"

"தவில் வரல வே. பாதிதான் பொறந்திருக்கான்."

"பாதியா?" அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பாதிப் பிறப்புக்கு அதில் பலன் போடவில்லை.

திரையில் ஆறு இலக்கம் விழுந்திருந்தது. மிச்சம் ஆறும் விழுந்தால்தான் ஆபரேஷன் தியேட்டர் திறக்கும். கதவு, மேஜை, விளக்கு, மயக்க மருந்து இயந்திரம் எல்லாமே எண் கேட்கும். இல்லாத ஆளுக்கு ஆபரேஷன் செய்து எந்த டாக்டரும் ஏமாற்றிவிடக்கூடாதே!

போன வருஷம் வேறொரு ஊரில் இப்படிச் சிக்கிய குழந்தைக்குப் பக்கத்துத் தொட்டில் குழந்தையின் துணியை மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். தொட்டில் மரபணுவைச் சோதித்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. பிறந்து ஆறு மணி நேரமான அந்தக் குழந்தைமேல் ஆள்மாறாட்ட வழக்கு. இப்போது தவழ்கிறது. வாய்தாவுக்கும் தவழ்ந்துதான் போகிறது.

டாக்டர் பிறப்புப் பதிவுத் தலைமையகத்துக்குப் போன் போட்டார். எடுத்தது மனிதரல்ல. 'நல்லாள்' என்று பெயரிட்ட தேன்குரல். செண்பகவடிவும் கேட்கட்டும் என்று டாக்டர் சத்தமாக வைத்தார்.

"வணக்கம். குழந்தை கழித்ததும் முழு எண் வழங்கப்படும்."

"கழிக்க வழி இல்லம்மா. அதுக்குத்தான் ஆபரேஷன்."

"புரிகிறது. அறுவை முடிந்ததும் குழந்தை கழிக்கும். கழித்ததும் எண் கிடைக்கும். எண் கிடைத்ததும் அறுவையைத் தொடங்கலாம்."

"அவசரத்துக்கு ஏதாவது விதிவிலக்கு?"

"உண்டு. விதிவிலக்கு பெறப்போகும் குழந்தையின் பிறப்பு எண்ணைச் சொல்லுங்கள்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடி சுத்தமாகிவிடும்.

செண்பகவடிவு போனை வாங்கினாள். "எம்மா நல்லாளு, ஒரு சந்தேகம். இந்தப் பய முழுசாப் பொறக்கல. அப்படித்தான?"

"ஆம். முழுமையாகப் பிறக்கவில்லை."

"அப்ப இப்ப எங்க இருக்கான்?"

"முழுமையாகப் பிறக்காதவர் கருவில் இருப்பார்."

"யாரு கருவுல?"

"தாயின் கருவில்."

"வயித்துல இருக்க புள்ளைக்கு ஏதாவது செய்யணும்னா யாரு எண்ணு வேணும்?"

"தாயின் எண் போதுமானது. கர்ப்பிணிக்கான அறுவைப் பிரிவில் பதிவு செய்கிறேன். தாய் தியேட்டருக்குள் இருக்கவேண்டும். உடன் வந்திருக்கும் உறவினர் ஒருவரின் கைரேகை தேவை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இதுவே பெருசு தாயி. நல்லா இரு."

உறவினர் என்றால் கொம்பையா. அவர் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். "நாளைக்கு ஏழு இருவதுக்கு மேல எத்தனை கைரேகை வேணும்னாலும் வைக்கேன். கால்ரேகையும் வைக்கேன். இன்னைக்கு ஆபரேசன் பண்ணுனா, வழி தெறக்கும். வழி தெறந்தா வரும். வந்தா தவில் அடிச்சிரும். எம் பொழப்பு முடிஞ்சிரும்."

கட்டிலில் கிடந்த இசக்கிப்பிரியா கையை ஊன்றி எழுந்தாள். "அண்ணே. நீ நாப்பத்தோரு வருசம் தின்னு தூங்கி எந்திரிச்சிட்ட. எம் புள்ள ஒரு நாள் முழுசாப் பாக்கல. ஒனக்கு இன்னும் எவ்வளவு வேணும்?"

கொம்பையா கக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

செண்பகவடிவு அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "ஓய், நான் சொல்லுததக் கேளும். ஆபரேசன் ஒம்ம தங்கச்சி பேருல நடக்குது. பய பொறக்கப்போறதே இல்ல. வழி தெறந்ததும் முதல்ல வார காட்டுப்பீயை ஒரு பாட்டில்ல புடிச்சு மூடிருதேன். அது தொட்டில்ல விழுந்தாத்தான பொறப்பு? நாளைக்கு ஏழு இருவதுக்கு நீரே நின்னு ஊத்தும்."

கொம்பையாவின் கண் விரிந்தது. "பாட்டில்ல நிக்குமா?"

"ஒரு வாரம் நிக்கும்."

"ஏழு இருவத்தஞ்சுக்கு வச்சுக்கிடுவோம். கடிகாரம் முன்னப்பின்ன இருக்கும்." கைரேகை வைத்தார்.

மாலை மூன்றேமுக்காலுக்குத் தியேட்டர் திறந்தது. முந்தின இரவு முழுக்க வலியில் கிடந்த இசக்கிப்பிரியாவைத் தூக்கிப் பக்கத்து மேஜையில் படுக்கவைத்து, தலையில் தொப்பி மாட்டி, கையில் பட்டி கட்டினார்கள். விளக்கெல்லாம் அவளுடைய வயிற்றின்மேல் விழுந்தது. டாக்டர் ஒரு விளக்கின் கழுத்தைப் பிடித்துத் திருகி, நிஜ வயிற்றின் பக்கம் திருப்பினார். மயக்க மருந்தையும் கையாலேயே அளந்தார்கள். திரையில் ஓடிய வாசகம்: "தாய்க்கு வயிற்றில் வழி திறப்பு. கரு பாதி பிறந்த நிலையில், நலம்." தாய் விழித்துக்கொண்டு, இன்னொரு மேஜையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் இடப்பக்க வயிற்றில் ரோஜா மொட்டு மாதிரிக் குடல் வெளியே வந்து உட்கார்ந்ததும் கீல்போலக் கறுப்பாக வழிந்தது. செண்பகவடிவு பாட்டிலில் பிடித்து மூடினாள். அந்தக் கணத்தில் இந்த மாநிலத்திலேயே பிறப்பு பாட்டிலில் இருந்த ஒரே மனிதன் அவன்தான்.

எல்லாம் நன்றாக முடிந்தது, சூட்டுப்பெட்டிவரை. ஆபரேஷன் முடிந்த குழந்தை குளிர்ந்துவிடும், கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைக்கவேண்டும். பெட்டி எண் கேட்டது. தாயின் எண்ணைக் கொடுத்தார்கள். "எடை ஐம்பத்தெட்டு கிலோ. பெட்டியில் அடங்காது" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

செண்பகவடிவு குழந்தையை மார்போடு அணைத்துப் பார்த்தாள், போர்வையைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தையின் பாதம் அவளுடைய உள்ளங்கையில் ஐஸ்கட்டிபோல இருந்தது. உதடு நீலம் பாரித்தது. அவள் பாட்டிலைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். கொடுத்த வாக்கை எண்ணி அரை நிமிஷம் தயங்கினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூடியைத் திருகி அப்படியே தொட்டிலில் கவிழ்த்தாள்.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வார்டே அதிர முழங்கின. பன்னிரண்டு இலக்கம் விழுந்தது. சூட்டுப்பெட்டி மரியாதையாகக் கதவைத் திறந்தது. நேரம் மாலை ஐந்து நாற்பத்தேழு, ரோகிணி நட்சத்திரம்.

கொம்பையா தாழ்வாரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சிஸ்டரு, சத்தியம் பண்ணுன மாதிரில்லா சொன்னிய?"

"சொன்னேன். பயலுக்கு ஒடம்பு குளுந்துட்டு. ஒம்ம ஒடம்பு நல்லா வேர்த்துக்கிட்டுத்தான இருக்கு? கொஞ்சம் சூடு குடுத்தா என்ன வே?"

குழந்தை பிழைத்தது. இசக்கிப்பிரியாவுக்குத்தான் நாலு நாள் சிரமம். குடல் ஆபரேஷன் ஆனவள் என்று சாப்பாட்டு வண்டி அவளுக்குக் கஞ்சித்தண்ணீர்கூடத் தர மறுத்தது. செண்பகவடிவு தன் டிபன் டப்பாவை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைக்குச் சேந்தன் என்று பெயர் வைத்தார்கள். கொம்பையா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாடியும் ஏறவில்லை. மாட்டுப்பக்கமும் போகவில்லை.

ஆறு மாதத்தில் டாக்டர் ஜெபசிங் உரிய இடத்தில் வாசல் வைத்து, வயிற்றிலிருந்த வழியை மூடினார். இனி எல்லாம் சரிதானா என்று பூந்தொட்டிலில் போட்டுச் சோதிக்கவேண்டும், விதி அப்படி. சேந்தன் காலை உதறிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரையும்போல ரெண்டுக்குப் போனான்.

நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. புதிதாகப் பன்னிரண்டு இலக்கம் விழுந்தது.

செண்பகவடிவு போனைப் போட்டாள். நல்லாள் பூரித்துப்போயிருந்தாள். "வாழ்த்துகள்! ஒரே மரபணு, வேறு வாசல். ஓர் உடலுக்கு ஒரு வாசல்தான் என்பது விதி. எனவே இவர் முன்னவரின் இரட்டைச் சகோதரர். ஆறு மாதம் தாமதமாகப் பிறந்திருக்கிறார். தாயின் பொறுமையை அரசு பாராட்டுகிறது."

"ரெட்டையும் இல்ல, கட்டையும் இல்ல தாயி. ஒரே பயதான். ஒரு எண்ண அழிச்சிரு."

"தாராளமாக. ஒரு எண்ணை நீக்க இறப்புச் சான்று வேண்டும். எந்தக் குழந்தையை இறந்ததாகப் பதிவு செய்யட்டும்?"

தொட்டிலுக்குள் சேந்தன் தன் கால் கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோகப் பார்த்துக்கொண்டிருந்தான். செண்பகவடிவு போனை வைத்துவிட்டாள்.

செய்தி கேட்டுக் கொம்பையா அன்று சாயங்காலமே வந்தார், பஞ்சாங்கத்தோடு. இரண்டாவது எண்ணுக்குரிய நட்சத்திரம் உத்திரட்டாதி. மாமனுக்கு ஒரு குறையும் இல்லை, தீர்க்காயுசு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "இவன்தாம்லா எம் மருமவன்!" என்று குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். இளையவனுக்குத் தீர்க்காயு என்று அவரே பெயர் வைத்தார், மொட்டை போட்டார், காது குத்தினார். காது என்னவோ சேந்தனுக்குத்தான் வலித்தது. அன்றைக்கே மாடியும் ஏறினார்.

எண் இருந்தால் போதும், வயது வந்ததும் பள்ளிக்கூடம் தானே பெயரைச் சேர்த்துக்கொள்ளும். சேர்த்துக்கொண்டது, இரண்டு பேரையும். லீவு லெட்டர் வராத பிள்ளை வந்திருப்பதாக வருகைப் பதிவு தானே குறித்துக்கொள்ளும். சேந்தனுக்குக் கிட்னியைப் பார்க்க மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரி உண்டு, அம்மா லெட்டர் எழுதிக் கொடுப்பாள். தீர்க்காயுவுக்கு லெட்டர் எழுத யாருமில்லை. ஒன்றாம் வகுப்பு முடிவில், ஒருநாளும் லீவு போடாத மாணவன் பரிசு தீர்க்காயுவுக்குக் கிடைத்தது. தாய்மாமன் மேடையேறி வாங்கிக்கொண்டார்.

பள்ளி மறுபடி திறந்த மாதம் சேந்தன் சோதனைக்கு வந்தான். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஒன்றுக்குப் போய் அளவுக் குப்பியில் பிடித்துவந்து, சொட்டு சிந்தாமல் செண்பகவடிவிடம் நீட்டினான். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

"யாருல வந்திருக்கது? மூத்தவனா, எளையவனா?"

"மூத்தவன்தான் அத்தை" என்றான் அவன், கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "எளையவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான். அவனுக்கு லீவே கெடையாது, பாவம்."